அம்மா பந்திக்குப் போகாத ஞாயிறுகள்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அம்மா பழைய வழக்கப்படி ராப்போஜனம் என்பாள். முந்தின நாளே வீட்டில் ஒரு மாற்றம் தெரியும். அன்று சண்டை போடக் கூடாது, யாரைப் பற்றியும் புறணி பேசக் கூடாது. இரவு பாத்திரம் கழுவி முடித்த பிறகு அம்மா தனியாக முழங்கால் போட்டு நெடுநேரம் இருப்பாள். "ஆண்டவர் பரிசுத்தர். கண்டபடி போய் அவர் முன்னால நிக்க முடியுமா?" என்பாள். சோழபுரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

சில மாதங்களில் அம்மா பந்திக்குப் போக மாட்டாள். எல்லோரும் எழுந்து பீடத்தின் முன் வரிசையாக முழங்கால் போடும்போது, அவள் மட்டும் பாயிலேயே தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். சிறுமியாக இருந்தபோது ஏன் என்று கேட்டேன். "எனக்கு இன்னைக்கு முடியாது பிள்ள" என்றாள். எனக்கும் அந்த நாட்கள் வரத் தொடங்கிய பிறகு கேட்க வேண்டியிருக்கவில்லை. நானும் பாயிலேயே உட்கார்ந்தேன். ஐயர் இதைப் பிரசங்கத்தில் சொன்னதில்லை. ஞாயிறு பள்ளியில் யாரும் கற்றுத்தரவில்லை. ஆராதனைப் புத்தகத்திலும் இல்லை. பெண்கள் பெண்களுக்குப் பேசாமலே கடத்திய சட்டம் இது.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது, அம்மா தொடர்ந்து பதினான்கு மாதம் பந்திக்குப் போகவில்லை. விடுமுறைக்கு வரும்போது பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் மூச்சு வாங்கியது. கேட்டால் வெயில் என்றாள். சபையில் வேறு பேச்சு ஓடியது. மனத்தாங்கலோடு பந்திக்குப் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே சித்தியோடு அம்மாவுக்குச் சொத்துத் தகராறு, அதனால்தான் போகவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பேச்சு அம்மாவின் காதுக்கும் வந்தது. அவள் மறுக்கவில்லை. ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று சொல்வதைவிட, சண்டைக்காரி என்று பெயர் எடுப்பது அவளுக்கு எளிதாக இருந்தது.

கடைசியில் ஐயரம்மாதான் வீட்டுக்கு வந்து, "யார் மேலயும் வருத்தமாக்கா?" என்று கேட்டார். அம்மா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். மறுநாள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஹீமோகுளோபின் ஆறு கிராம்தான் இருந்தது. கர்ப்பப்பையில் கட்டி. முன்பின் தெரியாத இரண்டு பேர் கொடுத்த ரத்தத்தை ஏற்றிய பிறகே அறுவை சிகிச்சை செய்தார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்து இரண்டு நாள் கழித்து அம்மா என்னிடம் சொன்னாள்: "இனிமே ஒரு மாசமும் பந்தியை விட வேண்டாம் பார்த்தியா." அவள் முகத்தில் இருந்தது உண்மையான சந்தோஷம். எனக்குக் கோபத்தில் பேச்சு வரவில்லை. கடவுளின் பரிசுத்தத்துக்கு என் அம்மா கொடுத்த விலை ஒரு கர்ப்பப்பையா?

அந்தக் கோபம்தான் என்னை வேதத்தைத் திரும்பப் படிக்க வைத்தது. லேவியராகமம் பதினைந்தாம் அதிகாரத்தைத் திறந்தேன். அந்த அதிகாரத்தின் முதல் பாதி முழுக்க ஆண்களைப் பற்றியது. விந்து வெளிப்பட்டால் ஆணும் குளிக்க வேண்டும், மாலை வரை தீட்டு. எங்கள் சபையில் எந்த ஆணும் அதற்காகப் பந்தியை விட்டுப் பாயில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரே அதிகாரத்தில் ஒரு பாதி காலாவதியாகிவிட்டது, மறுபாதி பெண்களின் உடம்பில் தங்கிவிட்டது.

இது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு, மாதவிடாய்ப் பெண்கள் பரிசுத்த பந்தியை நெருங்கக் கூடாது என்று எழுதினார். 601-ஆம் ஆண்டு போப் கிரகோரி இங்கிலாந்துக்கு எழுதியதாக பீட் தன் வரலாற்றில் சேர்த்துள்ள கடிதம் வேறு மாதிரிச் சொல்கிறது: இயற்கையாக வருவது குற்றமல்ல, அந்த நாட்களில் நற்கருணை வாங்கும் பெண்ணைத் தடுக்கக் கூடாது, பயபக்தியால் தானே ஒதுங்கினால் அதைப் பாராட்டலாம். முதல் பாதியைப் படித்து மகிழ்ந்தேன். இரண்டாம் பாதியில் என் அம்மா தெரிந்தாள். தடையை எடுத்துவிட்டுப் பாராட்டை மட்டும் வைத்தால் போதும். பெண் தானாகவே ஒதுங்கிக்கொள்வாள்.

2018 செப்டம்பர் 28 அன்று சபரிமலைத் தீர்ப்பு வந்தது. அந்த வாரம் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அதுதான் பேச்சு. "நம்ம மதத்துல இதெல்லாம் இல்லை, தோத்திரம்" என்றார் ஒரு அக்கா. எல்லோரும் தலையசைத்தார்கள். நான் கேட்டேன்: "அப்போ நாம ஏன் அந்த நாள்ல பந்திக்குப் போறதில்லை?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அடுத்த வாரக் கூட்டம் யார் வீட்டில் என்று பேசத் தொடங்கினார்கள். தென்னிந்தியத் திருச்சபை 2013-லேயே புஷ்பலலிதாவை நந்தியால் பேராயராக்கிவிட்டது. பெண் குருவானவர்கள் அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்து ஆசீர்வதிக்கிறார்கள். கிண்ணத்தை உயர்த்தும் கை எந்தத் தேதியிலும் உயர்த்தலாம் என்றால், வாங்கும் கைக்கு மட்டும் தேதி எதற்கு?

ராஜபாளையம் போய்ப் பஸ் மாறினால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆண்டாள் கதை தெரியாத பிள்ளை கிடையாது, கிறிஸ்தவப் பிள்ளை உட்பட. பெருமாளுக்கு என்று கட்டிய மாலையை அவள் முதலில் தான் சூடிப் பார்க்கிறாள். அப்பா அதைக் கண்டு பதறி, அந்த மாலை ஆகாது என்று வேறு மாலை கட்டுகிறார். பெருமாளோ அவள் சூடிய மாலைதான் வேண்டும் என்கிறார். அந்த மரபில் இன்றும் அங்கிருந்து திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு மாலை போகிறது. அந்தக் கோவிலுக்கும் அதன் தீட்டு விதிகள் உண்டு. ஆனாலும் பெண்ணின் உடம்பு பட்டது அசுத்தம் அல்ல என்று கடவுளே சொன்னதாக ஒரு ஊர் நம்பி வைத்திருக்கிறது. அது எங்கள் பக்கத்து ஊர்.

எங்கள் வேதத்திலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். பன்னிரண்டு வருடம் ரத்தப்போக்கு. கையில் இருந்ததையெல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்தவள். கூட்டத்துக்குள் பின்னால் வந்து இயேசுவின் உடையைத் தொடுகிறாள். அவருக்குத் தீட்டு ஒட்டவில்லை. அவளுக்குச் சுகம் போனது. அவள் ஒளிந்துபோகவும் அவர் விடவில்லை. எல்லார் முன்னும் அவள் தன் உண்மை முழுவதையும் சொல்கிறாள், அவர் அவளை மகளே என்கிறார். பரிசுத்தம் என்ற சொல்லுக்குள் சுத்தம் இருப்பதால் நாம் அதை அழுக்குப் படாமல் காக்க வேண்டிய வெள்ளை வேட்டி என்று நினைத்துவிட்டோம். இந்தக் கதையில் பரிசுத்தம் அப்படி நடந்துகொள்ளவில்லை. அது தொட்டவளிடம் போகிறது.

அப்படியானால் அம்மாவின் சனிக்கிழமைப் பயபக்தியெல்லாம் வீணா? பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம், கடவுள் பரிசுத்தர், அதனால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்று தொடங்குகிறது. அடுத்து என்ன வருகிறது? வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடு. கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே. குருடன் வழியில் தடை போடாதே. தராசில் ஏமாற்றாதே. பரிசுத்தம் இங்கே வயலிலும் கடையிலும் சம்பள நாளிலும் நடக்கிறது.

அம்மா தளவாய்புரம் வியாபாரிகளுக்கு வீட்டில் நைட்டி தைத்துக் கொடுத்தாள். துணைக்கு இரண்டு பெண்கள். வியாபாரி பணம் தராத வாரத்திலும் சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அவர்கள் கூலியைக் கொடுத்துவிடுவாள். ஒருமுறை அதற்காகத் தோட்டை அடகு வைத்தாள். "பிள்ளைங்க கூலியை வீட்டுல வச்சுக்கிட்டு, ஆராதனையில எப்படிப் போய் நிக்க?" என்றாள். அதே கேள்விதான். ஒரு இடத்தில் அது அவளைக் கொல்லப் பார்த்தது. இன்னொரு இடத்தில் இரண்டு குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அந்தக் கேள்வியை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை. அதை அவள் உடம்பிலிருந்து எடுத்துக் கூலியில் மட்டும் வைக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

போன வருடம் அக்கா மகளுக்குத் திடப்படுத்தல். பேராயர் வரும் நாள், முதல் பந்தி. காலையில் வெள்ளைச் சேலை கட்டி நின்றவள் குளியலறையிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். அன்றைக்கென்று வந்துவிட்டது. அக்கா செய்வதறியாமல் நின்றாள். அடுத்த முறை வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு பெரியம்மா சொன்னார். நான் வாய் திறக்கும் முன் அம்மா எழுந்தாள். பிள்ளையின் முகத்தைத் துடைத்து, சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

"ஆச்சி, போகலாமா?" என்று பிள்ளை கேட்டாள்.

"எனக்கு யாரோ ரெண்டு பேரு ரத்தம் கொடுத்துத்தான் உசுரு தங்குச்சு. அவங்க யாரு எவருன்னு நான் கேக்கலை. ஆண்டவர் உன்கிட்டக் கேப்பாரா? போய் வாங்கு."

அன்று பந்தி வரிசையில் அம்மா பேத்திக்குப் பின்னாலேயே நடந்தாள். பிள்ளை கிண்ணத்தை வாங்கிக் குடிப்பதைப் பார்த்த பிறகுதான் அவளும் முழங்கால் போட்டாள்.