கழிவு எண்ணெயைப் படித்தல்

வண்டியின் எடையைத் தாங்கும் சுருள்வில்லோடு ஒரு ஹைட்ராலிக் சிலிண்டரையும் ஒவ்வொரு சக்கரத்திலும் இணைத்து, வளைவில் வண்டி சாய்வதையும் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் குனிவதையும் அந்தக் கணத்திலேயே எண்ணெயின் அழுத்தத்தால் சமன்செய்யும் அமைப்பு ஆக்டிவ் சஸ்பென்ஷனில் ஒரு வகை. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1999இல் தன் சிஎல் வகைக் கார்களில் ஆக்டிவ் பாடி கன்ட்ரோல் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியதும், தொழிலில் இருப்போர் சுருக்கமாக ஏபிசி என்று அழைப்பதுமான அமைப்பு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும். அதன் பம்ப் தரும் அழுத்தம் சுமார் 200 பார். கார் டயரில் அடைக்கப்படும் காற்றின் அழுத்தத்தைப் போல இது ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு. இவ்வளவு அழுத்தத்தை வால்வுகளுக்குள் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளிகள் வழியே ஆள வேண்டியிருப்பதால், இந்த அமைப்பின் ஆயுள் பெரும்பாலும் எண்ணெயின் தூய்மையையே சார்ந்திருக்கிறது.

எண்ணெய் மாற்றுவது என்றவுடன் டேங்கில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றும் வழக்கமே பலருக்கு நினைவுக்கு வரும். மொத்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு டேங்கில் இருப்பதாகக் கொண்டால், அதை ஒருமுறை மாற்றிய பின்னும் மூன்றில் இரு பங்கு பழையதே எஞ்சும். மூன்று முறை மாற்றினாலும் ஏறத்தாழ முப்பது விழுக்காடு பழைய எண்ணெய் கலந்தே இருக்கும். இந்தக் கணக்குக்கூட எண்ணெய் முழுவதும் சீராகக் கலக்கிறது என்ற நம்பிக்கையில் போடப்பட்டதே. உண்மையில் சக்கரச் சிலிண்டருக்குச் செல்லும் குழாய் மறுமுனையில் வழியில்லாத முட்டுச்சந்து போன்றது. போன வழியேதான் எண்ணெய் திரும்ப வேண்டியிருப்பதால், அங்கே தங்கியது வண்டி போதிய அளவு ஏறி இறங்காதவரை அங்கேயே தேங்கிக் கிடக்கும்.

ஆகவே முறையான கழுவல் இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதலில் டேங்குக்கு எண்ணெய் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டு, டேங்கில் திறந்திருக்கும் துளையை அடைத்து, எஞ்சினை ஓடவிட்டபடி புதிய எண்ணெயை ஊற்ற வேண்டும். பம்ப் சில நொடிகளில் டேங்கைக் காலிசெய்துவிடக்கூடியது என்பதாலும், எண்ணெய் இல்லாமல் ஓடும் பம்ப் தன்னையே அரைத்துக்கொள்ளும் என்பதாலும், ஊற்றுபவர் ஒருவரும் சாவியில் கை வைத்துக் காத்திருப்பவர் ஒருவருமாக இருவர் தேவைப்படுகின்றனர். இரண்டாம் கட்டத்தில் ஹோஸை மீண்டும் பொருத்தி, வழக்கமான 10 மைக்ரான் ஃபில்டருக்குப் பதிலாக 3 மைக்ரான் ஃபில்டரைப் போட்டு, சோதனைக் கணினியின் மூலம் ‘ரோடியோ’ எனப்படும் செயல்பாட்டை இயக்க வேண்டும். துள்ளும் குதிரையில் அமர்ந்திருக்கும் அமெரிக்க விளையாட்டின் பெயரைத் தாங்கிய இச்செயலில் வண்டி மேலும் கீழுமாகத் தொடர்ந்து ஏறி இறங்குவதால், முட்டுச்சந்தில் தேங்கியிருந்த எண்ணெய் வெளியே தள்ளப்படுகிறது. பிறகு முதல் கட்டத்தை மறுபடி செய்து, வழக்கமான ஃபில்டரைப் புதிதாகப் பொருத்தி முடிக்க வேண்டும்.

பழைய ஃபில்டரைக் குப்பையில் எறிவதற்கு முன் அதை அறுத்துப் பார்ப்பது இந்த வேலையின் சாரமான பகுதி. ஃபில்டர் இருப்பது எண்ணெய் டேங்குக்குத் திரும்பும் இடத்தில். அதாவது அதில் சிக்கிய ஒவ்வொரு துகளும் அங்கு வந்து சேருமுன் எங்கோ ஒரு வால்வைக் கடந்தே வந்திருக்கிறது. தாளின் மடிப்புகளைப் பிரித்து வெயிலில் விரித்தால், காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும் மினுங்கும் பொடி பம்பின் தேய்மானத்தைச் சுட்டும். விரலிடையே நசுக்கினால் மையாக இழுபடும் கருந்துகள், நைட்ரஜன் வாயுவையும் எண்ணெயையும் பிரித்து வைக்கும் அக்குமுலேட்டரின் ரப்பர்ச் சவ்வு சிதையத் தொடங்கியதைச் சுட்டும். சவ்வு சிதைந்த அக்குமுலேட்டரை மாற்றாமல் கழுவுவது, சேறு கலங்கும் ஊற்றை விட்டுவிட்டு வாய்க்காலைத் தூர்வாருவதற்கு ஒப்பாகும். எண்ணெயின் நிறமும் செய்தி சொல்லும்: இவ்வமைப்புக்கென வகுக்கப்பட்ட பென்டோசின் சிஎச்எஃப் 11எஸ் புதிதாக இருக்கையில் தெளிந்த பச்சை, வெள்ளைத் தாளில் விட்ட ஒரு சொட்டு காப்பி டிக்காஷனைப் போலத் தோன்றினால் அது சூட்டில் வெந்து வயதாகியிருக்கிறது, நுரைத்து வெளுத்திருந்தால் எங்கோ காற்று உட்புகுகிறது.

அளவு பார்ப்பதிலும் தவறுக்கு இடமுண்டு. வண்டி தாழ்ந்து நிற்கையில் சிலிண்டர்களின் எண்ணெய் டேங்குக்கு வந்துவிடுவதால் நிறைந்திருப்பதாகத் தோன்றும். உயர்ந்து நிற்கையில் குறைந்ததாகத் தோன்றும். எஞ்சின் ஓட, வண்டி இயல்பான உயரத்தில் நிற்க எடுக்கப்படும் அளவே மெய்யானது. எஞ்சினை நிறுத்திய பின்னும் அக்குமுலேட்டர்களில் அழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், அதை வெளியேற்றாமல் எந்த இணைப்பையும் தளர்த்தக் கூடாது. மெல்லிய கசிவு தோலைத் துளைத்து உட்செல்லும் வலிமை உடையதாகையால், அதைத் தேட அட்டையைப் பயன்படுத்த வேண்டுமே தவிர விரலை அல்ல. ஸ்டாண்டு வைக்காமல் வண்டியின் அடியில் நுழைவது உயிருக்கே ஆபத்தானது, ஏனெனில் வால்வு திறந்த நொடியில் வண்டி இறங்கிவிடும்.

எண்ணெய் பச்சையாகத் தெரிந்ததும் வேலை முடிந்ததென்று எண்ணுவது பொதுவான பிழை. புதிய எண்ணெய் இனி வரும் தேய்மானத்தைத் தள்ளிப்போடும். ஏற்கெனவே கீறல் விழுந்த வால்வை அது ஒட்டிவிடாது. கீறல் உண்டா என்பதை அறிய, நான்கு சக்கரங்களின் நடுப்புள்ளியிலிருந்து மேலுள்ள வளைவின் விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துவைத்து, வண்டியை இரவு முழுவதும் அசையாமல் நிறுத்த வேண்டும். காலையில் அதே நான்கு இடங்களை அளக்கும்போது ஒரு மூலை மட்டும் தாழ்ந்து, வெளியே கசிவும் இல்லையென்றால், வண்டி நிற்கும்போது எண்ணெயைப் பூட்டி வைக்க வேண்டிய அந்த மூலையின் வால்வு உள்ளுக்குள் கசிகிறது. நான்கு எண்களும் மாறாமல் இருந்தால் மட்டுமே அந்தக் கழுவலை முடிந்த கணக்கில் எழுதலாம்.