மூலம் எது, உரை எது?

லினக்ஸ் பயன்படுத்துவோரில் ஒரு சிறு கூட்டத்தார் உண்டு. சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது, தரையில் பதித்த டைல்ஸ் போல ஒன்றையொன்று மறைக்காமல் திரையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இது புதிய எண்ணமன்று. 1985இல் வெளிவந்த விண்டோஸின் முதற்பதிப்பில் சாளரங்கள் இப்படித்தான் பக்கம் பக்கமாக நின்றன. அவை ஒன்றையொன்று மறைக்கத் தொடங்கியது 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில்.

எனக்கு இதில் நாட்டம் ஏற்பட்டது பாடவேறுபாடு பார்க்கும் வேலையால். சுவடியின் ஒளிப்படம், இரண்டு அச்சுப் பதிப்புகள், என் குறிப்பேடு ஆகிய நான்கும் ஒருசேரக் கண்முன் இருக்க வேண்டும். ஒன்று மறைந்தால் அதை நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறோம். நினைவோ பழகிய பாடத்தையே எடுத்துக் கொடுக்கும். ஏடெழுதியோரின் பிழைகள் பலவும் அவ்வழி வந்தவைதாமே!

தேர்வு என்று வந்தபோது எக்ஸ்மோனாட் ஹாஸ்கெல் மொழியைக் கேட்டது, ஆஸம் லுவாவைக் கேட்டது. இறுதியில் எஞ்சியவை இரண்டு: 2006இல் தோன்றிய டிடபிள்யூஎம், 2009இல் தோன்றிய ஐ3.

டிடபிள்யூஎம்மின் சிக்கனம் என்னைக் கவர்ந்தது. நிரல் 2000 வரிகளைத் தாண்டலாகாது என்பது அதைச் செய்தோர் தமக்கே விதித்துக்கொண்ட வரம்பு. தனி அமைப்புக் கோப்பு கிடையாது. மாற்றம் வேண்டுவோர் சி மொழி நிரலைத் திருத்தி மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். திரையின் இடப்பக்கம் தலைமைச் சாளரத்துக்கு உரியது. ஏனையவை வலப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒடுங்கும். நடுவே மூலமும் ஓரத்தே உரைகளுமாக ஒரு பழம்பதிப்பைப் பார்ப்பது போலிருக்கும். ஆனால் புதிதாகத் திறக்கும் சாளரமே தலைமையிடத்தில் அமரும். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி அகராதியைத் திறந்தால் சுவடி ஓரத்துக்குப் போய்விடுகிறது. இதைத் திருத்தும் ஒட்டுநிரல்கள் உண்டு. இருப்பினும், ஒன்று பெரிது, மற்றவை சிறிது என்ற அடிப்படை மாறுவதில்லை.

ஐ3 அப்படி எதையும் முடிவு செய்வதில்லை. திரையைக் குறுக்கே பிரிப்பதா, நெடுக்கே பிரிப்பதா என்பதை ஒவ்வொரு முறையும் நாமே சொல்ல வேண்டும். அகராதிகளை ஒரே கட்டத்துக்குள் தாவல்களாக அடக்கலாம். இரு பதிப்புகளைச் சரிபாதியாக நிறுத்தலாம். நம் விருப்பங்கள் அனைத்தும் ஓர் எளிய உரைக்கோப்பில் அடங்கும். எக்ஸ் சாளர முறையின் இடத்தை வேலண்ட் பிடித்துவருகையில், 2019இல் 1.0 பதிப்பை எட்டிய ஸ்வே அந்தக் கோப்பைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த வழக்கங்கள் வீணாகவில்லை.

ஆகவே ஐ3, பின்னர் ஸ்வே. டிடபிள்யூஎம் குறைந்தது என்பதன்று என் கருத்து. ஒரே நூலில் ஆழ்ந்திருப்பவருக்கு அதுவே உகந்தது. பாடங்களை ஒப்பிடுபவன் நிலை வேறு. எது மூலம், எது பிழை என்பது வேலையின் முடிவில் எட்ட வேண்டிய தீர்ப்பு. அதுவரை இரு பாடங்களும் சம அகலத்தில் நிற்பதே முறை.