மலைநெறியும் மிதிவண்டியும்

பிரிட்டன் தீவின் வடபகுதியில் அமைந்தது ஸ்காட்லாந்து நாடு. அந்நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் விரிந்து கிடப்பது ஹைலண்ட்ஸ் என்னும் மலைநாடு. அங்குள்ள மலைகளுள் உயர்ந்தது பென் நெவிஸ். அதன் உயரம் 1,345 மீட்டர். இமயத்தோடு ஒப்பிட்டால் இது சிறு குன்றே. எனினும் அம்மலைநாட்டை எளிதென்று எண்ணிச் சென்றவர் இடருறுவர். நண்பகலில் வெயில் காய்ந்த முகட்டை மாலைக்குள் மூடுபனி விழுங்கிவிடும். கேர்ன்கார்ம் என்னும் சிகரத்தில், 1986 மார்ச் 20 ஆம் நாள், மணிக்கு 173 மைல் விரைவில் காற்று வீசியது. டிசம்பர் மாதத்தில் பகற்பொழுது ஏழு மணி நேரத்திற்கும் குறைவு. இத்தகைய நிலத்தில் மிதிவண்டி ஏறி மலை கடந்து செல்வோர் இன்று பலர். அவர்கள் ஊர்கின்ற வண்டி யாது? செல்லும் வழிகளை அமைத்தவர் யாவர்? எந்த உரிமையால் அவர்கள் அங்கே செல்கின்றனர்? இம்மூன்றும் அறியத்தக்கன.

மிதிவண்டியின் வளர்ச்சியில் ஸ்காட்லாந்துக்கும் பங்கு உண்டு. காற்றடைத்த சக்கரப் பட்டைக்கு 1845 இல் முதன்முதல் காப்புரிமை பெற்ற இராபர்ட் வில்லியம் தாம்சன் அந்நாட்டினர். அதனை 1888 இல் மீண்டும் கண்டு மிதிவண்டிக்குப் பொருத்திய ஜான் பாய்ட் டன்லப் என்பவரும் அங்கே பிறந்தவரே. ஆயினும், மலைக்கென்றே தனி வண்டி தோன்றியது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆகும். அங்கே டமல்பாயஸ் என்னும் மலைச்சரிவில், 1970களில், இளைஞர் சிலர் பழைய கனத்த வண்டிகளை ஓட்டி மகிழ்ந்தனர். செங்குத்தான இறக்கத்தில் தடையை அழுத்தி அழுத்தி, சக்கரக் குடத்திலிருந்த மசகு தீய்ந்து புகையாகிவிடும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் புது மசகு நிரப்ப வேண்டியிருந்தது. இக்குறையை நீக்கும் முயற்சியில், அகன்ற பட்டையும் வலிய தடையும் பல பற்சக்கரங்களும் கொண்ட மலைவண்டி படிப்படியாக உருவாயிற்று.

வண்டி புதியது, அது செல்லும் வழிகளோ பழையன. அவ்வழிகளுட் பலவற்றை முதலில் மிதித்தவை மாட்டு மந்தைகள். மலைநாட்டு மக்களுக்குக் கருநிற மாடுகளே செல்வம். அவற்றைத் தெற்கே கிரீஃப், ஃபால்கிர்க் ஆகிய ஊர்களில் கூடிய பெருஞ்சந்தைகளுக்கு ஓட்டிச் சென்றனர். நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மைல் நடை. இரவில் திறந்த வெளியில் உறக்கம். உணவு ஓட்ஸ் மாவு. ஸ்கை என்னும் தீவிலிருந்து வந்த மாடுகள் கடலை நீந்திக் கடக்க வேண்டியிருந்தது. ஒரு மாட்டின் தாடையில் கட்டிய கயிற்றை முன்செல்லும் மாட்டின் வாலில் பிணைத்து, படகின் பின்னே வரிசையாக நீந்தச் செய்தனர். நீராவிக் கப்பலும் இரயிலும் வந்த பின்னர் அந்நெடுநடை ஓய்ந்தது. தடம் மட்டும் நின்றது.

வேறு சில வழிகள் படைவீரர் அமைத்தவை. அரசுக்கு எதிராக மலைநாட்டில் எழுந்த கிளர்ச்சியை அடக்கும் பொருட்டு, ஜார்ஜ் வேடு என்னும் தளபதி 1725 முதல் அங்கே சாலைகள் அமைத்தார். பத்து ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஏறத்தாழ 250 மைல் சாலையும் 40 பாலங்களும் அவர் முயற்சியால் உருவாயின. அவற்றுள் 1731 இல் கட்டப்பட்ட காரியாரிக் கணவாய்ச் சாலை, ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் மலையைக் கடக்கிறது. கிளர்ச்சியை ஒடுக்க அமைத்த அச்சாலையையே, 1745 இல், கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட்டின் படை தன் பயணத்திற்குப் பயன்படுத்திக்கொண்டது. வழிக்குத் தன்னை அமைத்தவர் இவர் என்னும் நினைவு இல்லை. வருவோர் எவர்க்கும் அது இடம் தருகிறது. இன்று அக்கணவாயில் மலைவண்டிகள் ஏறி இறங்குகின்றன.

மலைநாட்டில் பல மைல் தொலைவுக்கு ஒரு வீட்டையும் காண இயலாது. அத்தனிமையை நாடியே பலர் செல்கின்றனர். ஆனால், அது முழுவதும் இயற்கை அளித்த தனிமை என்று எண்ணலாகாது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும், ஆட்டுப் பண்ணைகளுக்கு இடம் வேண்டி, நிலக்கிழார்கள் குடியானவர்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றினர். ஸ்டிராத்நேவர் என்னும் பள்ளத்தாக்கில், 1814, 1819 ஆகிய ஆண்டுகளில் வீடுகள் தீக்கிரையாயின. குடிகள் கடற்கரைக்கும் கடல் கடந்து கனடாவுக்கும் சென்றனர். பின்னர் அம்மலைகளிற் பல, செல்வர் மான் வேட்டையாடும் காடுகளாயின. வேட்டையாடிய மானை மட்டக்குதிரையின் முதுகில் ஏற்றிக்கொணர அமைத்த ஒற்றையடிப் பாதைகள் இன்றும் உள்ளன. வளைவும் சரிவும் அளவறிந்து அமைந்த அப்பாதைகள் மலைவண்டிக்கு மிகவும் ஏற்றவை. அவற்றில் மகிழ்ந்து செல்லும் இளைஞன், புல் மூடிய குட்டைச் சுவர்களை வழியோரத்தில் காண்பானாயின், அவை ஒருகால் அடுப்பெரிந்த வீடுகள் என்பதை அறிந்து செல்லுதல் நன்று.

மக்களை நிலத்திலிருந்து விலக்கிய அந்நாட்டிலேயே, நிலத்தில் உலவும் உரிமை பின்னர்ச் சட்டமாயிற்று. ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் 2003 இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி, நிலம் யாருக்கு உரியதாயினும், நடந்தும் குதிரையேறியும் மிதிவண்டியிலும் அதனைக் கடந்து செல்ல எவர்க்கும் உரிமை உண்டு. வீட்டைச் சூழ்ந்த தோட்டமும் பயிர் விளையும் வயலும் இதற்கு விலக்கு. பொறிவண்டிகளுக்கும் இவ்வுரிமை இல்லை. இவ்வுரிமைக்குச் சட்டம் விதித்த விலை ஒன்றே: பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும். பிறர் நலனை மதித்தல், இயற்கையைப் பேணுதல், தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்றல் என்பன அதன் கூறுகள்.

பொறுப்பு என்பது அங்கே வெறுஞ்சொல் அன்று. காலடியில் கிடக்கும் மண்ணே அதனைக் கற்பிக்கிறது. மலைநாட்டின் பெரும்பகுதியைப் பீட் எனப்படும் கரிய மண் மூடியுள்ளது. நீர் தேங்கிய குளிர் நிலத்தில் பாசியும் புல்லும் முற்றும் மட்காமல் அடுக்கடுக்காகப் படிவதால் அம்மண் உண்டாகிறது. ஓராண்டில் அது வளர்வது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. ஒரு மீட்டர் ஆழத்திற்கு ஓராயிரம் ஆண்டு வேண்டும். காற்றில் கலந்து வெப்பத்தைப் பெருக்கக்கூடிய கரியை அம்மண் தன்னுள் அடக்கி வைத்துள்ளது. ஈரமான அந்நிலத்தில் சக்கரம் உருண்டால் பள்ளம் விழும். மழைநீர் அப்பள்ளத்தை ஓடையாக்கும். ஓடை மண்ணை அரித்துச் செல்லும். பாதையில் சேறு கண்டு ஒருவன் ஓரமாக ஒதுங்கிச் சென்றால், அடுத்தவன் இன்னும் சற்று ஒதுங்குவான். சில ஆண்டுகளில் ஒற்றையடிப் பாதை அகன்ற புண்ணாகிவிடும்.

ஆதலின் அறிந்தோர் சில நெறிகளைக் கைக்கொள்கின்றனர். பாதையில் நீர் நின்றால் அதன் நடுவே செல்வர். ஓரத்துப் புல்லை மிதியார். நிலம் மிக நெகிழ்ந்திருப்பின் வண்டியை விட்டிறங்கித் தோளில் சுமப்பர். அல்லது வேறு வழி நாடுவர். பின்சக்கரத்தைப் பூட்டி மண்ணைக் கீறியவாறு இறங்கார். பறவைகள் தரையில் கூடு கட்டும் இளவேனிற் காலத்தில் பாதையை விட்டு விலகார். நடந்து வருவோரைக் கண்டால் விரைவைக் குறைத்து வழிவிடுவர்.

வழிப்போக்கர் இடையேயுள்ள நம்பிக்கைக்கும் அம்மலைகளில் ஒரு சான்று உண்டு. ஆளற்ற பள்ளத்தாக்குகளில் பூட்டில்லாத சிறு குடில்கள் சில நிற்கின்றன. ஆயரும் வேட்டைக் காவலரும் வாழ்ந்து விட்டுச் சென்றவை அவை. இடிந்து விழவிருந்த இத்தகைய குடில்களைப் பேணுவதற்கென 1965 இல் ஒரு சங்கம் தோன்றியது. ஏறத்தாழ நூறு குடில்களை அதன் தொண்டர்கள் காத்து வருகின்றனர். எவரும் தங்கலாம், வாடகை இல்லை, காவலரும் இல்லை. தங்குவோர் தாம் கொணர்ந்த குப்பையைத் தாமே எடுத்துச் செல்ல வேண்டும். அடுத்து வருவோர்க்கு இயன்ற அளவு விறகு வைத்துச் செல்லுதல் வழக்கம். அவர் யார் என்பது தெரியாது. மழையில் நனைந்து வருவார் என்பது மட்டும் தெரியும். அது போதும்.

மாட்டை ஓட்டிச் சென்றவனும், கல்லை அடுக்கிய வீரனும், வீடிழந்து சென்ற குடியானவனும் நடந்த வழிகள் அவை. இன்று அவற்றில் செல்வோர் வெட்டிய வழி அன்று. அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட வழி. சேற்று நிலத்தில் ஐம்பது அடி தூரம் வண்டியைச் சுமப்பது ஒருவனுக்குச் சில நிமிட உழைப்பு. அதனால் காக்கப்படுவதோ பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மண்.