நாம் பார்க்காத டாக்டர்

பிரசவம் பார்த்த டாக்டரம்மாவை ஆயுசுக்கும் மறக்க மாட்டோம். ஆனால் நம் சதைத் துணுக்கைப் பார்த்து, 'இது புற்றுநோய், இது இல்லை' என்று முடிவு எழுதுகிறாரே ஒரு டாக்டர், அவர் முகத்தை யாராவது பார்த்திருக்கிறோமா? பெத்தாலஜி டாக்டர் என்பார்கள்.

வாடிப்பட்டியில் இருக்கும் என் மதினிக்குக் கர்ப்பப்பை வாயில் சந்தேகம் என்று துளி சதை எடுத்தார்கள். "பாக்குற டாக்டர் யாரும்மா? நானே ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்று நர்ஸிடம் மல்லுக்கு நின்றார். நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். துணுக்கை மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, ஊதாவும் ரோஸுமாகச் சாயம் ஏற்றி, அப்புறம்தான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். அவசரப்படுத்தி நடக்கிற காரியமா? முடிவு வரும்வரை மதினி சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, ஆரம்ப மாற்றம்தான். சிகிச்சையும் ஆயிற்று.

இப்படி எழுதும் முடிவுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஊருக்கே பயன். பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் (1985 வரை அதுவும் நம் மதுரை மாவட்டம்தான்) 2000-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். சில ஊராட்சிகளில் மட்டும் 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மற்றவற்றில் வழக்கம்போல் விட்டார்கள். வந்தவர்கள் 31,343 பேர். பார்த்தது பயிற்சி பெற்ற நர்ஸுகள். வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தை நீர்க்கத் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பது, அவ்வளவே. யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்பதை அம்பிளிக்கை புற்றுநோய்ப் பதிவேட்டில் வருஷக்கணக்காகக் குறித்து வந்தார்கள். 2007-ல் முடிவு வெளியாயிற்று. அழைத்த ஊர்களில் இந்த நோயால் வந்த சாவு 35 சதவீதம் குறைவு!

சென்னையிலும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1982 முதல் இப்படிப் பதிவேடு உண்டு. லேசான வேலையில்லை. ஒரே முத்துலட்சுமி இங்கே சதை கொடுத்து, அங்கே போய்க் கரண்டு வைத்துக்கொண்டால் இரண்டு பேராக எண்ணிவிடக் கூடாதே. ஒரு சீட்டில் முத்துலட்சுமி, இன்னொன்றில் எம். லட்சுமி. வயதோ நாம் சொல்வது குத்துமதிப்பு! அதனால் சீட்டு எழுதும்போதே பெயர், வயது, ஊர் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். மாதவிலக்கு இல்லாத நாளாகப் போங்கள். சதை எடுத்திருந்தால், ரிசல்ட் என்றைக்கு வரும் என்று கேட்டுக்கொண்டு, அன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள்.