மண்ணை மாத்த முடியாதவங்க

எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மரக்கறித் தோட்டத்தில் தக்காளிச் செடி எப்பிடிச் சாகும் என்று எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். காலையில் நல்லா நிற்கும். பகல் வெயிலுக்கு மேல் இலை தொங்கிப் போகும். பின்னேரம் திரும்ப எழும்பும். "தண்ணி போதல போல" என்று அம்மா ஒரு வாளி ஊத்துவாங்க. ரெண்டு மூணு நாளில் எழும்பவே எழும்பாது. இலை பழுத்திருக்காது, பச்சையாவே இருக்கும். ஆனா செடி செத்திருக்கும்.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. 'எங்களுடையது' என்று வாய் தானா சொல்லுது, பாருங்க. காணி எங்கள் பேரில் இல்லை. லயத்துக்குப் பின்னால் பத்து பேர்ச் அளவு சரிவில் தாத்தா காலத்திலிருந்து மரக்கறி போடுகிறோம், அவ்வளவுதான். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவர். கொரோனா நேரம் திரும்பி வந்து, அந்தத் துண்டையே நம்பி இருக்கிறார். தக்காளி, கத்தரி, கறிமிளகாய். கொஞ்சம் ரத்தோட்டை டவுனுக்கு, மிச்சம் தம்புள்ள போகிற லொறிக்கு.

போன வருசம் செமஸ்டர் லீவுக்கு நான் வீட்டுக்கு வந்தபோது பாதிச் செடி தொங்கிக்கொண்டிருந்தது. பேராதனையில் நான் படிப்பது கலைப்பீடம். செடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஹொஸ்டலில் பக்கத்து ரூம் தோழி விவசாய பீடம். அவளுக்கு வாட்சப்பில் படம் அனுப்பினேன். "ஒரு கிளாஸ்ல சுத்தமான தண்ணி எடு. வாடின செடியோட தண்ட அடியில வெட்டி, வெட்டுன பக்கம் தண்ணியில படுற மாதிரிப் பிடி. ஆட்டாத" என்றாள்.

நானும் அப்பாவும் ஸ்தோப்பில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் வெட்டின இடத்திலிருந்து பால் மாதிரி ஒரு நூல் இறங்கியது. பிறகு இன்னொன்று. தண்ணீருக்குள் வெள்ளைப் புகை மாதிரி நூல் நூலாய் இறங்கிக்கொண்டே இருந்தது. அது முழுக்க பக்டீரியா. ரல்ஸ்டோனியா என்று பேர். மண்ணில் இருந்து வேர் வழியாய் ஏறி, தண்ணீர் போகிற குழாயை அடைத்துவிடும். அதனால்தான் எவ்வளவு ஊத்தினாலும் செடி தாகத்தில் சாகிறது.

அப்பா கிளாசைப் பார்த்துக்கொண்டே, "இத்தன வருசம் இதுக்கா தண்ணி ஊத்துனோம்" என்றார்.

செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் அங்கங்கே முடிச்சு வேற. அது வட்டப்புழு வேலை. கண்ணுக்குத் தெரியாத புழு வேரைக் குத்தி உள்ளே போகும். அந்தக் காயம் பக்டீரியாவுக்கும் கதவு திறந்து விடும்.

மருந்து என்ன என்று கேட்டேன். வாடல் வந்த செடியைக் காப்பாற்ற மருந்து இல்லை என்றாள். இது 200க்கு மேற்பட்ட வகைச் செடிகளில் வாழும், மண்ணில் வருசக்கணக்கில் கிடக்கும். "மூணு வருசத்துக்காவது தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஒண்டும் போடாத. சோளம் மாதிரி வேற என்னவாச்சும் போடு. இல்லாட்டி வேற காணியில போடு."

"எந்தக் காணியில?" என்று கேட்டேன். அவள் யாழ்ப்பாணம். கொஞ்ச நேரம் டைப் பண்ணிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் வரவில்லை.

தோட்டத்துக்குக் கீழே நாட்டுப்பக்கத்தில் ஒரு அங்கிள் இருக்கிறார், அப்பாவுக்குக் கூட்டாளி. அவரும் தக்காளி போடுகிறார். பெரும்போகத்துக்கு நெல், சிறுபோகத்துக்கு அதே வயலில் மரக்கறி. மாத்தளைப் பள்ளங்களில் நிறையப் பேர் அப்படித்தான். நெல்லுக்குத் தண்ணீர் கட்டி நிற்கிற மாதங்களில் வட்டப்புழுவும் வாடல் கிருமியும் குறைந்துவிடும். அவரும் நாங்களும் ஒரே கடையில்தான் விதை வாங்குகிறோம். அவருக்கு வயல் இருக்கு, எங்களுக்குச் சரிவு இருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான். அவ்வளவு பெரிய வித்தியாசம்.

ரெண்டு நாள் கழித்து தோழி திரும்ப மெசேஜ் போட்டாள். "ஒட்டிப் பாரு."

ஒட்டு மாங்கன்று தெரியும். றம்புட்டான், சாதிக்காய் ஒட்டுக்கன்று மாத்தளை முழுக்க விற்கிறார்கள். ஆனா நாலைந்து மாசத்தில் முடிந்துபோகிற தக்காளிக்கும் ஒட்டு வைப்பார்கள் என்று தெரியாது. விசயம் சிம்பிள்: நோயைத் தாங்குகிற ஒரு காட்டுச் செடியின் வேர், அதுக்கு மேலே நமக்கு வேண்டிய செடி. ஜப்பானில் 1920களின் கடைசியில் வத்தகப்பழக் கொடியைப் பூசணி வேரில் ஒட்டியதிலிருந்து இது மரக்கறிக்குப் பரவினது. அங்கேயும் மண்ணில்தான் வாடல் நோய். காணி குறைவு, ஒரே துண்டில் திரும்பத் திரும்ப அதே பயிர். பிறகு கொரியா. பிறகு தாய்வானில் இருக்கிற உலக மரக்கறி மையம் தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டுகிற முறையைப் பரப்பியது. வியட்நாம் விவசாயிகள் அதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டார்கள். வாசிக்க வாசிக்க எனக்குப் பட்டது ஒன்றுதான்: மண்ணை மாத்த முடியாத ஆட்கள்தான் வேரை மாத்தக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு வேர் எங்கே? கான் ஓரத்திலேயே இருந்தது. சுண்டக்காய்ச் செடி. முள்ளுக் குத்துகிறது என்று அம்மா வருசா வருசம் வெட்டிப் போடுகிற அதே செடி. வாடலையும் வட்டப்புழுவையும் நல்லாத் தாங்கும். கத்தரிக்குச் சொந்தக்காரன். தமிழில் கத்தரி, கண்டங்கத்தரி என்கிறோம். சிங்களத்தில் வம்பட்டு, திப்பட்டு, எலபட்டு. நான் அங்கிளிடம் சொன்னபோது, "ஒக்கொம பட்டுனெ" என்று சிரித்தார். எல்லாம் பட்டுதானே. ரெண்டு பாசைக்கும் இந்தச் சொந்தம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

சுண்டக்காய் விதை முளைக்க ரொம்ப மெதுவு. அதனால் அதை மூன்று நாலு வாரம் முந்தியே போட வேண்டும். ரெண்டு தண்டும் ஒரே மொத்தம் வரும்போது சாய்வாக வெட்டிப் பொருத்த வேண்டும். தண்டு இடியப்பத்தை விடக் கொஞ்சம்தான் மொத்தம். கிளிப்புக்குப் பதிலாகச் சைக்கிள் வால்வ் டியூப்பைத் துண்டு துண்டாய் வெட்டினோம். நான் யூடியூப் பார்த்துப் பார்த்து அஞ்சு செடியை நாசமாக்கினேன்.

அம்மா பார்த்துக்கொண்டே நின்றாங்க. "அந்த பிளேட இங்க குடு புள்ள."

அம்மா கொழுந்து எடுக்கப் போகிறதுக்கு முன்னால் பல வருசம் தோட்டத்து நர்சரியில் வேலை. ஒரு இலையும் கொஞ்சம் தண்டுமாய்த் தேயிலைக் கம்பைச் சாய்வாக வெட்டிப் பையில் நடுகிற வேலை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். ஒரே இழுப்பில் வெட்டினாங்க. வெட்டு ரெண்டும் அப்படியே உட்கார்ந்தது. ஒட்டின கன்றை நிழலில், ஈரம் போகாமல் ஒரு கிழமை மூடி வைக்க வேண்டும் என்று நான் வாசித்துச் சொல்ல முதலே, "பொலித்தீன் கூடாரம் போடணும், அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா தொறக்கணும். தேயிலைக்கும் அதே தான்" என்றாங்க. எங்கள் வீட்டில் இந்த வித்தை முப்பது வருசமாய் இருந்திருக்கு. கம்பஸ் போய்த்தான் நான் அதைப் பார்த்தேன்.

கத்தரி பன்னிரண்டில் பத்து பிடித்தது. தக்காளி இருபதில் ஒன்பதுதான். சுண்டக்காய் வேரோடு கத்தரி சேருகிற அளவுக்குத் தக்காளி சேராது என்று தோழி முதலே சொல்லியிருந்தாள்.

பிறகு நான் பேராதனை வந்துவிட்டேன். ஒரு நாள் அப்பா ஃபோன் பண்ணினார். ஒட்டின தக்காளியில் நாலு வாடிப் போச்சாம். குரலில் கோபம் இல்லை, வெட்கம் மாதிரி ஒன்று இருந்தது. கேட்டால், நல்லா வளர்ந்து வருகிற சந்தோசத்தில் வழமைபோல் மண் அணைத்திருக்கிறார். தக்காளிக்கு மண் அணைக்கிறது நல்ல பழக்கம்தான். ஆனா ஒட்டுக்கன்றுக்கு ஒட்டின இடம் மண்ணுக்கு மேலேயே தெரிய வேண்டும். மூடினால் மேல் செடி தன் சொந்த வேரை மண்ணுக்குள் இறக்கும். அந்த வேருக்குப் பாதுகாப்பு இல்லை. பழைய நோய் பழைய வழியில் ஏறிவிடும். நான்தான் அதைச் சொல்லிவிட்டு வரவில்லை.

மிச்ச அஞ்சு தக்காளியும் பத்துக் கத்தரியும் நின்றன. பக்கத்தில் ஒட்டாத செடி செத்துக் கிடக்க, அது காய்த்தது. பெருசா ஒன்றும் சொல்ல வரவில்லை. ஒட்டு வேரைத்தான் காப்பாற்றும். மழைக்கு இலையில் வருகிற வெளிறல் நோய்க்கு அது மருந்தில்லை. தம்புள்ளையில் விலை விழுந்தாலும் தாங்காது.

இதை எழுத உட்கார்ந்தபோது, மலையக மக்களையே ஒட்டுக்கன்று என்று எழுதலாமா என்று ஒரு ஆசை வந்தது. செமினாரில் கைதட்டு கிடைக்கும். ஆனா ஒட்டுக்கன்றுக்குக்கூடக் காலுக்குக் கீழே மண் வேண்டும். 2023 ஆகஸ்டில், மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரிலிருந்து நடந்து வந்து மாத்தளையில் முடிந்தபோது கேட்டவற்றில் காணி உரிமையும் ஒன்று. வீட்டுத் திட்டம் என்றால் எங்களுக்குச் சொல்லப்பட்டு வந்த கணக்கு 7 பேர்ச். ஒரு ஏக்கரில் 160 பேர்ச் இருக்கு. வீடு கட்டின பிறகு 7 பேர்ச்சில் எந்தப் பயிரை எங்கே மாத்திப் போடுவது?

இந்த முறை அப்பா அறுபது சுண்டக்காய் விதைத்திருக்கிறார். கான் ஓரத்துச் செடியை இப்போ யாரும் வெட்டுவதில்லை. போன கிழமை ஃபோனில் சொன்னார்: "நம்ம பேர்ல இன்னொரு துண்டு இருந்தா, இங்க தக்காளி, அங்க சோளம்னு மாத்தி மாத்திப் போட்டுட்டுப் போயிறலாம். இந்த பிளேடு, டியூப் ஒண்ணும் வேணாம்."

கொஞ்சம் நிறுத்தி, "அதுவரைக்கும் ஒட்டுவோம். அம்மா பிளேடு வாங்கிட்டு வரச் சொல்லிச்சு, மறந்துறாத" என்றார்.