கோவளம் வழியே முட்டுக்காட்டிற்கு

கோவளம் என்றதும் நம் குடும்பத்தாரின் நினைவில் முதலில் எழுவது, நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பிவரும் கடலோர தர்காதான். வரலாறு படித்தோர்க்கு அது கோட்டை இருந்த ஊர். 1752-இல் ராபர்ட் கிளைவ் அக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றித் தகர்த்தார். இன்றைய இளைஞர்களுக்கோ, தூய்மைக்காக 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை.

இவ்வூருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில கிலோமீட்டர் தொலைவில் இருப்பது முட்டுக்காடு. படகுத்துறையையும், 1996 முதல் இயங்கும் தட்சிணசித்திராவின் பழைய வீடுகளையும் காணச் செல்வோர் ஏராளம். ஆனால், மத்திய அரசு 2005-இல் நிறுவிய, பல்வகை மாற்றுத்திறனாளிகளின் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் அங்குதான் இருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியார். நாங்கள் பயணப்பட்டது அந்நிறுவனத்தை நாடித்தான்.

பயணத்தின் காரணம்

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், காலையில் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். மாலையில் மக்தபில் என்னிடம் ஓதுகிறான். வாப்பா வளைகுடாவில் இருக்கிறார். வகுப்பில் ஓரிடத்தில் அமரமாட்டான், அருகிலிருப்பவனை அடிப்பான், புத்தகத்தை வீசியெறிவான் என்று நாள்தோறும் புகார் வந்தது. இறுதியில், மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுமாறு பள்ளியிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள். அவனுடைய உம்மா, “ஹஜ்ரத், கண்ணேறு கழித்தாயிற்று, ஓதிப் பார்த்தாயிற்று. இனி இவனைப் பட்டறையில்தான் விட வேண்டுமா?” என்று கேட்டார். ஒன்பது வயதில் ஒரு பிள்ளையின் கல்வி முடிந்துவிடுமோ என்பதே அப்போது எங்கள்முன் நின்ற கேள்வி.

தாயும் தாய்மாமாவும் பிள்ளையும் நானுமாகப் புறப்பட்டோம். 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் வைகறையில் இறங்கி, சுபுஹு தொழுதுவிட்டு, வண்டலூர் சாலை வழியே கேளம்பாக்கம் சென்றோம். அதற்கப்பால் சாலையோரத்தில் உப்பளங்களும், காயலில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகளும் தென்பட்டன. சன்னலோரம் அமர்ந்திருந்த பையன் அவற்றை ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டு வந்தான். எண்ணுவதில் பிழையே இல்லை. திடீரென்று திரும்பி, “ஹஜ்ரத், அங்கேயும் வாசிக்கச் சொல்லுவாங்களா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியின் பொருள் அன்று மாலைதான் எங்களுக்கு விளங்கியது.

அங்கு அறிந்தவை

அந்நிறுவனத்தில் உளவியல், சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி எனப் பல துறைகள் உள்ளன. காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்பதில் தொடங்கியது விசாரணை. காது சரிவரக் கேளாத பிள்ளையை அடங்காப்பிள்ளை என்று தவறாகக் கருதுவது எங்கும் நடப்பதுதானே! பின்னர், அவன் எப்போது முரண்டு பிடிக்கிறான், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, அதன்பின் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். உம்மா நினைவிலிருந்து சொல்லச்சொல்ல ஓர் ஒழுங்கு புலப்பட்டது. கணக்குப் பாடத்தில் தொல்லை குறைவு; உரக்க வாசிக்கச் சொல்லும் வேளையில்தான் புத்தகம் பறக்கிறது. உடனே அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்கள். நாம் அதைத் தண்டனை என்கிறோம். அவனுக்கோ அது வாசிப்பிலிருந்து கிடைக்கும் விடுதலை! ஆகவே மறுநாளும் வீசுகிறான்.

எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதில் அவனுக்குக் குறை இருந்தது. கவனம் ஓரிடத்தில் நிலைப்பதிலும் சிரமம் இருந்தது. மக்தபில், காதால் கேட்ட சூராவை இரண்டே நாளில் மனனம் செய்து ஒப்புவிப்பவன் அவன். அறிவில் குறையில்லை, ஏட்டைக் கண்டால்தான் அச்சம். நாற்பது பிள்ளைகளின் முன் திக்கித் திணறி அவமானப்படுவதைவிட, ‘முரடன்’ என்று பெயரெடுப்பது பிள்ளைக்கு எளிதாக இருந்துவிடுகிறது.

பள்ளியில் செய்யக்கூடியவை

அங்கு கிடைத்த யோசனைகள் செலவு பிடிப்பவை அல்ல. முன்வரிசையில், வாசலுக்கும் சன்னலுக்கும் தள்ளி இடம் தர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை போதும். பத்துக் கணக்கை ஒன்றாகத் தராமல் மூன்று மூன்றாகத் தரலாம். கால் துறுதுறுக்கும் பிள்ளைக்குக் குறிப்பேடுகளை விநியோகிக்கும் பொறுப்பைக் கொடுத்தால், எழுந்து நடப்பதே உதவியாகிவிடும். வகுப்பின் முன் திடீரென வாசிக்கச் சொல்லாமல், ஆசிரியரிடம் தனியே நாலு வரி வாசித்தால் போதும் என விடலாம். நல்லதைச் செய்த மறுகணமே, என்ன செய்தான் என்று குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சிறு குறிப்பேடு தினமும் போய்வர வேண்டும். அதில் குறைகளை மட்டுமே எழுதினால் பயனில்லை.

தாய்மாமா இவற்றை எழுதி எடுத்துச்சென்று தலைமையாசிரியரிடம் பணிவுடன் கொடுத்தார். சட்டத்தையும் நினைவூட்டினார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கக் கல்வியான எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது. அடிக்கவும் மனம் நோகப் பேசவும் கூடாது. கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் உள்ளடக்கிய 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிந்து உதவுவது, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளின் கடமை என்கிறது அது. உரிய மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகளையும் கோரலாம்.

சான்றிதழ் பேச்சு நின்றது. ஒரு பருவம் கடந்துவிட்டது. பையன் இன்னமும் இருக்கையைவிட்டு எழுந்து திரிகிறான். சில நாட்களில் சண்டையும் உண்டு. ஆயினும் புத்தகம் பறப்பது அரிதாகிவிட்டது. தனியே அமர்ந்து ஒரு பக்கம் வாசிக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.

நம் நிறுவனங்களுக்கு ஒரு சொல்

எல்லோரும் முட்டுக்காட்டிற்குச் செல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையமும் அதில் சிறப்பாசிரியர்களும் உள்ளனர். அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவிலும் முதலில் காட்டலாம். துஆவும் தேவை, சிகிச்சையும் தேவை. ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்று 2025-இல் அந்நீதிமன்றத்தின் வேறோர் அமர்வே ஐயம் எழுப்பியது. சமயக் கல்வியை முதன்மையாகத் தரும் மதரஸாக்களுக்கும் அச்சட்டத்தில் விலக்கு உண்டு. இந்த விலக்கு நம் நிறுவனங்களின் உரிமையைக் காக்கத் தரப்பட்டது. நம் பிள்ளையை நாமே வாசலுக்கு வெளியே நிறுத்துவதற்காக அன்று. பத்தாண்டுகள் தம்மிடம் பணிசெய்த சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை ஒரு முறைகூடக் கடிந்துகொள்ளாத நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் நாம். பிரம்பைக் கையிலெடுக்குமுன், ‘இப்பிள்ளைக்கு எது கடினமாக இருக்கிறது?’ என்று ஒரு முறை கேட்போம். ஜமாஅத் நடத்தும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சிறப்பாசிரியரை அமர்த்துவதற்கு, வரும் கல்வியாண்டிலேயே நிர்வாகிகள் முன்வர வேண்டும்.