படத்தில் இல்லாத கை

சுங்கை செம்பிலாங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பாட்டிமார் பலரிடம் தங்கள் குழந்தைப் பருவப் படம் ஒன்றுகூட இல்லை. அக்காலத்தில் படமெடுக்கப் பட்டணத்துக் கடைக்குப் போக வேண்டும். ஒரு நாள் சம்பளமும் போய்விடும். இன்று பேரப்பிள்ளைக்கு ஒரே நாளில் நூறு படங்கள்! அவற்றுள் பாதி மங்கல். மீதியில் நெற்றி மட்டும் பளபளக்கிறது.

பெரும்பாலும் குறை கைப்பேசியில் இல்லை, ஒளியில்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்நாட்டில் நண்பகல் வெயில் உச்சியிலிருந்து விழும். முகத்தில் கருநிழல் படியும். குழந்தைக்கும் கண் கூசும். காலையில் சன்னலோரம் பாயை விரித்து, அறை விளக்கை அணைத்தால் போதும். மென்மையான ஒளி பக்கவாட்டில் படரும். பிளாஷ் தேவையில்லை. எடுப்பவர் தரையில் படுத்து, குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். சிரிக்க வைப்பதாகக் கைதட்டுவோர் பல வேளைகளில் அழவே வைக்கின்றனர்!

காத்திருப்பது படக்கலைக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் ஒரு படம் பதியப் பல வினாடிகள் ஆயின. குழந்தை அசையாமலிருக்க, மேலைநாடுகளில் தாய் துணியால் தன்னை மூடிக்கொண்டு அதைப் பிடித்திருப்பாள். படத்தில் நாற்காலிபோல் தெரிவது அவள்தான்.

இன்று கைப்பேசி நொடியில் எடுத்துவிடுகிறது. ஆயினும், கழுத்து நிற்காத பச்சிளங்குழந்தையைத் தூக்கிப் பிடிக்கையில் தலையை ஒரு கை தாங்கியே ஆக வேண்டும். படம் அழகாக இருக்கட்டுமென்று அக்கையைப் பலர் வெட்டிவிடுகின்றனர். பால்மரம் சீவிக் காய்த்துப்போன பாட்டியின் கையும் அப்படித்தான் காணாமல் போகிறது.